எண்ணி முடித்த பிறகு

வாசகர் கேள்வி – பதில்

2024 ஜூன் 4-ம் தேதி மக்களவைத் தேர்தல் முடிவு வந்ததிலிருந்து வட சென்னை வாசகர்கள் எழுதும் கடிதங்களில் கட்சி வேறு வேறு, வருத்தம் ஒன்றுதான். ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டுவிட்டு 46 நாள் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பே பலரைப் பாதி தின்றுவிட்டது. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறோம். கடிதங்களில் இருந்த கட்சிப் பெயர்களையும் எடுத்துவிட்டோம்.

"எங்க அப்பாவுக்கு 62 வயசு. மீசை முளைக்காத வயசுலயே கொடி பிடிச்சவர். ரிசல்ட் வந்த நாள்லேர்ந்து சரியா சாப்பிடறதில்ல. ராத்திரி 2 மணி வரைக்கும் டிவி. பி.பி. மாத்திரையும் போடறதில்ல, சுகர் மாத்திரையும் போடறதில்ல. 'விடுப்பா, அடுத்த தடவ பாத்துக்கலாம்'னு சொன்னா எரிஞ்சு விழறார். பயமா இருக்கு."
– வாசகி, கொருக்குப்பேட்டை

சகோதரி, அரசியலை அப்புறம் பார்ப்போம், முதலில் மாத்திரை. பி.பி. மாத்திரைகளில் சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் முன்பைவிட மேலே ஏறும். விட்ட நாளுக்கும் சேர்த்து இரண்டாகப் போடுவது அதைவிட ஆபத்து. இன்றே பக்கத்திலுள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் பி.பி., சுகர் இரண்டையும் பார்த்துவிட்டு, எதை எப்படித் திரும்ப ஆரம்பிப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். சாப்பிடாத ஆளுக்குச் சுகர் மாத்திரையை மட்டும் வற்புறுத்திக் கொடுத்துவிடாதீர்கள். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் அது சர்க்கரை இறங்கியதன் அறிகுறி. நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வையுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டாலும், நினைவு தப்பினாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாப்பாட்டில் முழுத் தட்டை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் மோர்க் கஞ்சி என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மாலை 4 மணிக்கு மேல் டீ வேண்டாம். டிவியைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். "காலையில ஒரு தடவ, ராத்திரி 8 மணிக்கு ஒரு தடவ செய்தி பாருங்க, விவாதம் மட்டும் வேணாம்" என்று பேரம் பேசுங்கள். செய்தி அரை மணியில் முடிந்துவிடும். விவாதமோ தோல்வியை அதே வார்த்தைகளில் இரவு முழுக்கத் திரும்பச் சொல்லும். தூக்கம் கெடுவது அதனால்தான். இரவு தூங்காவிட்டாலும் காலை 6 மணிக்கு எழுப்பிவிடுங்கள். எழும் நேரம் ஒழுங்கானால் தூங்கும் நேரம் சில நாளில் தானே பின்னால் வரும்.

"அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்ற சொல் ஏன் அவரைச் சுடுகிறது? அடுத்த மக்களவைத் தேர்தல் 2029-ல். 62 வயதுக்காரர் அந்த வருடத்தைத் தன் வயதோடு கூட்டிப் பார்ப்பார். அதற்குப் பதில், "இத்தனை வருஷம் உழைச்சீங்க, வலிக்கத்தான்பா செய்யும்" என்று சொல்லிவிட்டு அவர் பேசுவதைக் கேளுங்கள். யார் துரோகம் செய்தார், எந்தத் தெரு கைவிட்டது என்று அவர் சொல்லும்போது திருத்தவே கூடாது. மூன்றாம் நாள் கையில் ஒரு வேலை கொடுங்கள். தேர்தல் முடிந்த வீடுகளில் மீந்த வேலை நிறைய கிடக்கும். வாடகை நாற்காலியைத் திருப்பித் தர வேண்டும், கொடிக் கம்புகளை அடுக்க வேண்டும், கூட வேலை பார்த்த பையன்களுக்குச் சாப்பாட்டுக் காசு பாக்கி இருக்கும். பையன்களை நேரில் பார்த்து "நல்லா உழைச்சீங்கடா" என்று அவர் வாயால் சொல்லும் நாளில் பாதி பாரம் இறங்கிவிடும்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்தைத் தாண்டினால் அதை ஏமாற்றம் என்று விட்டுவிட முடியாது, மருத்துவம் தேவை. "நான் இருந்து என்ன ஆகப் போவுது" என்று பேசினாலோ, திடீரென்று கடன்களையெல்லாம் தீர்த்துப் பொருள்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாலோ அந்த இரண்டு வாரத்துக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் தலைவருக்காகவும் தோல்விக்காகவும் உயிரை விட்டவர்கள் உண்டு, இதை லேசாக எடுக்காதீர்கள். "செத்துப் போகலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, உள்ளே இருப்பது வெளியே வரும். அவரைத் தனியாக விடாதீர்கள். மண்ணெண்ணெய், மாத்திரை டப்பா, பூச்சி மருந்து எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். 14416 (டெலி மானஸ்), 104 இரண்டு எண்களிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது. "மெண்டல் ஆஸ்பத்திரியா?" என்று மறுத்தால், "தூக்கத்துக்குத்தான் காட்டப் போறோம்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

"39-க்கு 39 ஜெயிச்சு என்ன புண்ணியம், டெல்லியில நெனச்ச ஆட்சி வரல. என் ஓட்டு வீண்தானா?" – வாசகர், ராயபுரம்

"டெல்லியில எங்க கூட்டணிதான் ஆட்சி. ஆனா இங்க ஒரு சீட் கூட இல்ல. நாங்க போட்ட ஓட்டெல்லாம் எங்க போச்சு?" – வாசகர், தண்டையார்பேட்டை

இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பதில் சொல்கிறோம், இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்.

மக்களவையில் 543 இடம், பெரும்பான்மைக்கு 272. தமிழ்நாட்டின் 39 அதில் நூற்றுக்கு ஏழு. இங்கே அத்தனையும் ஒரே பக்கம் விழுந்தாலும் மீதி 504 இடங்கள் வேறு கதை சொல்லலாம். இது புதிதும் இல்லை. 1977-ல் நாடே காங்கிரஸை இறக்கியபோது தமிழ்நாடு காங்கிரஸ் கூட்டணிக்குத்தான் ஓட்டுப் போட்டது. 1989-லும் அப்படியே. 2014-ல் அ.தி.மு.க. 37 இடம் வென்றது, மத்திய ஆட்சியில் பங்கு இல்லை. 2004-ல் 39-ம் ஒரே கூட்டணிக்குப் போனது, அந்த முறை டெல்லியிலும் அதே அணி அமர்ந்தது. 2004-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எண்ணும் நாளில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இன்று வலி அதிகம்.

ராயபுரத்து நண்பரே, இந்த முறை எந்தத் தனிக் கட்சிக்கும் 272 இல்லை. பா.ஜ.க.வுக்கு 240, அதன் கூட்டணிக்கு 293. இப்படிப்பட்ட அவையில் எதிர்வரிசையில் இருக்கும் 39 பேருக்கு வேலை உண்டு. 1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில், 269-க்கு 270 என்று கவிழ்ந்தது.

தண்டையார்பேட்டை நண்பரே, உங்கள் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. இங்கே வென்ற அணி வாங்கியது சுமார் 47 சதவீதம். மீதி ஓட்டு பல அணிகளாகப் பிரிந்ததால் ஒரு இடமாகக்கூட மாறவில்லை. தொகுதியில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவர் முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளும் முறை இது. அதற்காக அந்த ஓட்டுகள் காணாமல் போய்விடவில்லை. கட்சிக்கு அங்கீகாரம், சின்னம், அடுத்த கூட்டணிப் பேச்சில் எத்தனை இடம் என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் அந்தச் சதவீதத்துக்கும் பங்கு உண்டு. கொஞ்சம் ஓட்டே ஒரு இடத்தை மாற்றிவிடும் என்பதற்கும் சாட்சி உண்டு: விருதுநகரில் இந்த முறை 4,379 ஓட்டு வித்தியாசம், மும்பை வடமேற்கில் வெறும் 48.

"வியாசர்பாடியில பூத் ஏஜென்ட்டா உக்காந்தேன். 900 சொச்சம் ஓட்டு பதிவாச்சு. 450 நமக்குன்னு மேல எழுதிக் கொடுத்தேன். வந்தது 210. மிஷின்ல ஏதாச்சும் கோளாறா, இல்ல என் கணக்கு தப்பா? தூக்கமே வர்ல."

தம்பி, இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்கலாம். சரிபார்த்தால்தான் தூக்கமும் வரும்.

வாக்குப்பதிவு முடிந்ததும் உங்களிடம் 17சி படிவத்தின் முதல் பாகம் கொடுத்திருப்பார்கள். அதில் மொத்தம் பதிவான ஓட்டு, கன்ட்ரோல் யூனிட்டின் (ஓட்டைப் பதிந்து வைக்கும் கருவி) வரிசை எண், சீல் எண் எல்லாம் இருக்கும். வாங்காமல் வந்திருந்தால் வேட்பாளரின் தலைமை ஏஜென்ட்டிடம் தொகுத்த கட்டு இருக்கும், கேளுங்கள். அடுத்து 20-ம் எண் படிவம். பூத் வாரியாக யாருக்கு எத்தனை என்ற இறுதிப் பட்டியல் அது, தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வெளியாகும். உங்கள் பூத் வரியில் எல்லா வேட்பாளர்களின் ஓட்டையும் நோட்டாவையும் கூட்டுங்கள். 17சி-யில் உள்ள மொத்தமும் இதுவும் ஒன்றாக இருந்தால், போட்ட ஓட்டு எண்ணப்பட்டிருக்கிறது. வித்தியாசம் இருந்தாலும் உடனே முடிவுக்கு வராதீர்கள். காலையில் போடும் மாதிரி ஓட்டை, அது குறைந்தது 50 இருக்கும், அழிக்காமல் விட்ட இயந்திரத்தை எண்ணிக்கையில் தனியே எடுத்து வைப்பார்கள். ஓரிரண்டு இயந்திரங்களில் டிஸ்ப்ளே வேலை செய்யாமல் விவிபாட் (ஓட்டு யாருக்கு விழுந்தது என்று அச்சிடும் கருவி) சீட்டை எண்ணியிருப்பார்கள். காரணம் என்ன என்று எண்ணும் மேசையில் உட்கார்ந்த உங்கள் ஆளிடம் கேளுங்கள்.

விவிபாட் சரிபார்ப்பு ஒரு சட்டமன்றப் பகுதிக்கு ஐந்து பூத். வட சென்னைத் தொகுதியில் திருவொற்றியூர், ஆர்.கே.நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க.நகர், ராயபுரம் என்று ஆறு பகுதி, ஆக 30 பூத். அந்த முப்பதில் உங்கள் அணிக்கு இயந்திரம் காட்டிய கணக்கும் விவிபாட் சீட்டும் பொருந்தினவா என்பதையும் விசாரியுங்கள். இயந்திரத்தின் மெமரியைச் சோதிக்கக் கேட்கும் உரிமை, 2024 ஏப்ரல் 26-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரண்டாம் மூன்றாம் இடம் வந்த வேட்பாளருக்கு மட்டும்தான், அதுவும் ஏழு நாளுக்குள். அந்தக் கெடு முடிந்துவிட்டது. உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட முடிவு வந்ததிலிருந்து 45 நாள் நேரம் உண்டு. வாக்காளர் யாரும் போடலாம், 2,000 ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும். ஆனால் எந்த பூத்தில், என்ன நடந்தது, அதனால் முடிவு எப்படி மாறியது என்று குறிப்பாக எழுதாத மனு தொடக்கத்திலேயே தள்ளுபடியாகும். "எல்லாரும் சொல்றாங்க" என்பதை வைத்து அந்தப் படி ஏறாதீர்கள்.

இனி உங்கள் 450. அந்த எண் எப்படி வந்தது? பூத் சிலிப் கொடுக்கப் போனபோது சிரித்த வீட்டையெல்லாம் நம் கணக்கில் எழுதியிருப்பீர்கள். சிலிப்பை எந்தக் கட்சி கொடுத்தாலும் சிரித்துத்தான் வாங்குவார்கள், அது மரியாதை. எதிரணி ஏஜென்ட்டின் நோட்டிலும் அதே வீடுகள் இருக்கும். இன்னொரு தப்பு, ஒரு வீட்டில் ஐந்து ஓட்டு என்றால் பெரியவர் ஒருவர் சொன்னதை வைத்து ஐந்தையும் எழுதுவது. அந்த வீட்டுப் பெண்களும் படிக்கும் பிள்ளைகளும் தனியாக முடிவெடுக்கிறார்கள். பட்டியலை எடுத்து வரி வரியாக "உறுதி", "பேசினோம்", "தெரியாது" என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். "உறுதி" மட்டும் 210-ஐ ஒட்டி வந்தால் உங்கள் உழைப்பு பொய்யில்லை, எழுதிக் கொடுத்த எண்தான் பொய். மேலிடத்தில் அதை நீங்களே சொல்லுங்கள். வேறொருவர் வந்து சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட்டால் "காசு வாங்கிட்டு உக்காந்துட்டான்" என்ற பேச்சு எழாது.

"டெபாசிட் போச்சுன்னு தெருவுல கிண்டல் பண்றாங்க. அது அவ்ளோ பெரிய அவமானமா?" – வாசகர், புளியந்தோப்பு

பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் வேட்பாளர் கட்டிய 25,000 ரூபாய் திரும்பாது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 12,500. நிறைய பேர் போட்டியிடும் தொகுதியில் மூன்றாவது, நான்காவது வருகிற நல்ல ஆளுக்கும் இதுதான் நடக்கும். அந்த ஆள் நின்றதால் தெருவில் எந்தப் பிரச்சினை பேசப்பட்டது என்பதைத்தான் நாம் பார்ப்போம்.

"என் வீட்டுக்காரர் மீன்பிடி போட்டுக்குப் போறவரு. தடைக்காலத்துல சும்மா இருந்தப்ப ரிசல்ட் மேல 20,000 பந்தயம் கட்டித் தோத்துட்டாரு. மானம் போயிடும், தண்டல் வாங்கியாவது குடுத்துடறேன்றாரு." – வாசகி, காசிமேடு

அம்மா, தண்டல் வாங்க விடாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தயப் பேச்சு செல்லாது. பந்தயப் பணத்தைக் கேட்டு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. தண்டல் கடன் அப்படி இல்லை. 10,000 என்று எழுதி 8,500 கையில் தந்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். பார்க்க 1,500 ரூபாய்தான் வட்டி என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், வருடக் கணக்கில் அது 100 சதவீதத்தையும் தாண்டும். 20,000 கையில் வேண்டுமென்றால் 24,000-க்கு எழுத வேண்டும், தினம் 240 ரூபாய். ஜூன் 14-ல் தடை முடிந்து கடலுக்குப் போனாலும் முதல் சில நாள் பாடு (மீன் வருமானம்) டீசலுக்கும் ஐஸுக்குமே போய்விடும், தவணை முதல் வாரத்திலேயே தவறும்.

மானம் முக்கியம் என்றால் ஜெயித்தவரிடம் ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசச் சொல்லுங்கள். பெரும்பாலும் தொகையைக் குறைத்துக்கொள்வார்கள் அல்லது பாட்டுக்குப் பாடு கொஞ்சமாக வாங்கிக்கொள்வார்கள். ஏற்கெனவே தண்டல் வாங்கிவிட்டார் என்றால், கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் எடுத்து அதை முதலில் அடைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து மிரட்டினால் 2003-ம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் போலீஸில் புகார் தரலாம். தண்டலும் மீட்டர் வட்டியும் அந்தச் சட்டத்துக்குள் வருபவைதான்.

"தேர்தலுக்கு சவுண்ட் சர்வீஸ் போட்டேன். தோத்ததும் போனை எடுக்கறதில்ல. பாக்கி 68,000." – வாசகர், கொடுங்கையூர்

வேட்பாளர் தன் செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்தாக வேண்டும். அதற்குள் தேதி, இடம், மணிக்கணக்கு போட்ட பில்லைப் பதிவுத் தபாலில் வேட்பாளருக்கும் அவர் ஏஜென்ட்டுக்கும் அனுப்புங்கள். அந்தத் தேதிக்கு முன் கொடுக்கும் பில்லுக்குக் கிடைக்கும் மதிப்பு பின்னால் கிடைக்காது. வாய்ப்பேச்சில் ஆர்டர் கொடுத்தவர் வட்டச் செயலாளர் என்றால் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். பணம் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம். அதற்கு முன் 15100-க்குப் பேசி, சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசத்துக்குக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.

"ஃபேமிலி குரூப்புல என் தம்பி போட்ட மீம்ஸால என் வீட்டுக்காரர் அவன்கூட பேசறதில்ல. ஆவணில பாப்பாவுக்கு காது குத்தணும். தாய்மாமன் மடியில உக்கார வெக்கணுமே." – வாசகி, எர்ணாவூர்

குரூப்பில் சமாதானம் பேசாதீர்கள். இருபது பேர் பார்க்கும் இடத்தில் யாரும் இறங்கி வர மாட்டார்கள். குரூப்பை இருவர் போனிலும் ஒரு வாரம் மியூட் செய்யச் சொல்லுங்கள். தம்பியிடம் தனியாக, "மீம்ஸை அழிச்சுடுடா, மன்னிப்பெல்லாம் வேணாம்" என்று கேளுங்கள். ஆடி பிறக்கட்டும். தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் தம்பியை வரச் சொல்லி, அண்டா தூக்கும் வேலையை மாமன் மச்சான் இருவரிடமும் சேர்த்துக் கொடுங்கள். முதல் வார்த்தை "அந்தப் பக்கம் புடி மாமா" என்பதாக இருந்தால் போதும், பழைய பேச்சை யாரும் கிளற மாட்டார்கள். காது குத்து முடியும்வரை உங்கள் வீட்டில் அரசியல் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அது சட்டம்.

"முதல் ஓட்டு போட்டேன். நான் போட்டவங்க ஆட்சிக்கு வரல. இனி அஞ்சு வருஷம் என்ன பண்றது?" – கல்லூரி மாணவி, எண்ணூர்

தங்கையே, எண்ணூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி கேட்பவருக்கு வேலை நிறைய இருக்கிறது. மத்திய அரசு உங்களைச் சுற்றியே இருக்கிறது. காமராஜர் துறைமுகம், மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, புறநகர் ரயில் எல்லாம் டெல்லி அமைச்சகங்களின் கீழ் வருபவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிக் கேட்க ஆட்சி மாற வேண்டியதில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதுங்கள். மத்திய நிறுவனங்களுக்கு இணையத்திலேயே அனுப்பலாம், மாநில அலுவலகம் என்றால் மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று எழுதினால் "இது தகவல் அல்ல" என்று திரும்பி வரும். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் செய்யும் தப்பு இது. "2023 டிசம்பர் முதல் இன்றுவரை முகத்துவார நீர் ஆய்வு அறிக்கைகளின் நகல்" என்று ஆவணத்தின் பெயரும் காலமும் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஒரு மனுவில் ஒரு விஷயம், 500 சொல்லுக்குள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

எம்.பி.க்கு வருடம் 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. நீங்கள் ஓட்டுப் போடாதவராக இருந்தாலும் அவர் உங்கள் எம்.பி.தான். தெருவிளக்கோ நிழற்குடையோ கேட்பதானால், இடம், நீள அகலம், இரண்டு போட்டோ, அந்த நிலம் மாநகராட்சியுடையதா ரயில்வேயுடையதா துறைமுகத்துடையதா என்ற விவரம், இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எண்ணூரில் நிலம் யாருடையது என்று எழுதாத மனு அங்கேயே நின்றுவிடும், ரயில்வே இடத்தில் அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு கம்பம்கூட நட முடியாது. அலுவலகத்தில் கொடுக்கும்போது நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மக்களவையில் கேள்வி கேட்கச் சொல்வதானால் தகவல் உரிமையில் வந்த பதிலை அதோடு இணையுங்கள். கேள்விக்கு 15 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தேதி அறிவித்த வாரத்திலேயே போய்ப் பாருங்கள். அடுத்த கூட்டத்தொடருக்குள் முதல் மனுவைப் போட்டுவிடுங்கள்.